டிராக்கரில் பேஸ் துடிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம்

டிராக்கர் என்பது நோட்டுகளை வரி வரியாக எழுதி இசை அமைக்கும் மென்பொருள். இங்கே பேசப்போவது பெரும்பாலும் நின்டெண்டோவின் பழைய விளையாட்டுக் கருவியான ஃபேமிகாமின் 2ஏ03 சிப்பில் எழுதும் பேஸ், அதாவது கீழ்ச்சுருதி வரி, பற்றி. அந்தச் சிப்பில் ஐந்து சேனல்: பல்ஸ் இரண்டு, ட்ரையாங்கிள், நாய்ஸ், சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) வாசிக்கும் டிபிசிஎம். எஃபெக்ட் குறிகள் ஃபேமிடிராக்கரில் உள்ளவை. அதிலிருந்து கிளைத்த டிஎன்-ஃபேமிடிராக்கரிலும் அப்படியே செல்லும். ஃபர்னேஸ் என்ற வேறொரு டிராக்கரில் எழுதுகிறவர்களுக்குக் குறிகள் வேறாக இருக்கலாம், ஆனால் சிப் அதே சிப்தான், அதன் குணமும் மாறாது. எஸ்03, எஃப்07 என்று நான் எழுதும் இடங்களில் எழுத்து எஃபெக்டையும் எண் அதன் அளவையும் குறிக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. பேஸ் சேனலின் தலைப்பில் இருமுறை சொடுக்கி அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போதே கெட்டிருந்தால் பிழை உங்கள் இன்ஸ்ட்ருமென்ட்டிலோ (நோட்டின் ஒலியமைப்பு) பேட்டர்னிலோ (நோட்டுகள் எழுதிய வரிகள்) இருக்கிறது. தனியாக நன்றாக இருந்து கூட்டத்தில் கெட்டால் பக்கத்து சேனல்தான் குற்றவாளி. இதைப் பார்க்காமலே இன்ஸ்ட்ருமென்ட்டை மாற்றி மாற்றி அரை நாளைத் தொலைப்பவர்கள் நிறைய.

அறிகுறி: நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒரே இழுவையாகக் கேட்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ட்ரையாங்கிள் சேனலில் நான்கு வரிகளுக்கு அதே சி நோட்டை வரிசையாக எழுதுகிறீர்கள். திரையில் நான்கு அடி தெரிகிறது. காதில் ஒரே நீண்ட ஊளை.

காரணம் சிப்பிலேயே இருக்கிறது. ட்ரையாங்கிளுக்கு வால்யூம் கிடையாது. ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. புது நோட் வந்தாலும் அலை முதலிலிருந்து தொடங்குவதில்லை, ஓடிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே ஓடும். ஆகவே இடைவெளி இல்லாமல் அதே நோட்டை மறுபடி எழுதினால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் பொருள். கிட்டாரில் விரல் படும் சத்தம் போல இங்கே தானாக வரும் ‘அடி’ ஒன்றும் இல்லை. நோட் எங்கே நிற்கிறது என்பதிலிருந்துதான் தாளம் பிறக்கிறது.

சரி, எப்படி நிறுத்துவது? வழக்கமான வேகத்தில், அதாவது ஸ்பீடு 6, டெம்போ 150 என்று இருக்கும்போது, ஒரு வரிக்கு 6 ஃபிரேம். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 60-இல் ஒரு பங்கு. எஸ்03 என்று போட்டால் மூன்று ஃபிரேமில் நோட் வெட்டப்படும். மீதி மூன்று ஃபிரேம் மௌனம். கீழே உள்ளதை ட்ரையாங்கிளில் எழுதிக் கேளுங்கள்:

00 | சி-2 | எஸ்05
01 | ... |
02 | சி-2 | எஸ்02
03 | சி-3 | எஸ்02
04 | ... |
05 | சி-2 | எஸ்02
06 | சி-2 | எஸ்05
07 | ஜி-1 | எஸ்03

பிறகு எஸ் எஃபெக்டுகளை எல்லாம் அழித்துவிட்டு அதே நோட்டுகளை மறுபடி கேளுங்கள். எட்டு வரிக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். 00-இலும் 06-இலும் இருக்கும் நீண்ட நோட்டுகள் அழுத்தமாகவும், இரண்டு ஃபிரேம் நோட்டுகள் மெலிதாகவும் கேட்கும். உண்மையில் எல்லாமே ஒரே உரப்பு. காது நீளத்தை அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது.

நீளங்கள் பிடிபட்ட பிறகு எஸ்ஸை விட்டுவிட்டு இன்ஸ்ட்ருமென்ட்டுக்குப் போகலாம். வால்யூம் வரிசையில், ஒரு ஃபிரேமுக்கு ஓர் எண்ணாக, ‘15 15 0’ என்று ஒரு குட்டை இன்ஸ்ட்ருமென்ட், ‘15 15 15 15 15 0’ என்று ஒரு நீள இன்ஸ்ட்ருமென்ட். இரண்டு போதும். முதலிலேயே இன்ஸ்ட்ருமென்ட்டில் இறங்காமல் எஸ்ஸில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பேட்டர்னிலேயே நீளம் கண்ணில் படும், வரிக்கு வரி மாற்றிப் பார்க்கலாம்.

=== என்ற ரிலீஸ் குறியைப் போட்டும் நோட் நிற்கவில்லை என்றால், இன்ஸ்ட்ருமென்ட் வரிசையில் ரிலீஸ் புள்ளி வைக்கவில்லை. அது இல்லாமல் === பயனில்லை; நோட்டை உடனே வெட்டும் --- போடுங்கள்.

அறிகுறி: வால்யூம் பத்தியில் 4 போட்டாலும் எஃப் (15) போட்டாலும் ஒரே சத்தம்

பிழை இல்லை, ட்ரையாங்கிள் அப்படித்தான். 0 என்றால் மௌனம், மற்றதெல்லாம் முழு சத்தம். மங்கிக்கொண்டே போகும் முடிவு வேண்டும் என்று சத்தத்தைப் படிப்படியாக மாற்றும் ஏ எஃபெக்டை வைத்து மல்லுக்கட்டுவது வீண். அழுத்தம் காட்ட நீளம் இருக்கிறது, ஆக்டேவ் தாவல் இருக்கிறது, முக்கியமான அடிகளில் மட்டும் ஒரு பல்ஸ் சேனலைச் சேர்ப்பது இருக்கிறது. பல்ஸில் வி00, அதாவது 12.5 சதவீத டியூட்டி (அலை மேலே நிற்கும் பங்கு), வால்யூம் வரிசை ‘8 4 2 0’. இது தனியாகக் கேட்டால் கொசு மாதிரி இருக்கும். ட்ரையாங்கிளோடு சேர்ந்தால் நரம்பைச் சுண்டிய மாதிரி ஒரு முனை வந்துவிடும். ஒரே நோட்டை இரண்டிலும் எழுதினால் பல்ஸ் ஓர் ஆக்டேவ் மேலே ஒலிக்கும், இந்த வேலைக்கு அதுவே வசதி.

ட்ரையாங்கிளின் சத்தத்தைக் குறைக்க ஒரு திருட்டு வழியும் உண்டு. அது அடுத்த அறிகுறியிலேயே வருகிறது.

அறிகுறி: டிரம் சாம்பிள் அடித்த பிறகு பேஸ் மெலிந்துவிடுகிறது

இது கொஞ்சம் மாயம் போல இருக்கும். பாட்டின் தொடக்கத்தில் பேஸ் கம்பீரமாக இருக்கிறது. முதல் ஸ்நேர் சாம்பிள் போன பிறகு ஒரு படி இறங்கி, அப்படியே கிடக்கிறது. நாய்ஸ் சேனலும் கூடவே இறங்கியிருக்கும். பல்ஸ் இரண்டும் மட்டும் அசையாமல் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் நோய் இதுதான், வேறு தேட வேண்டாம்.

2ஏ03-இல் ட்ரையாங்கிள், நாய்ஸ், சாம்பிள் வாசிக்கும் டிபிசிஎம் மூன்றும் ஒரே கலவைச் சுற்றில் சேர்கின்றன. அந்தக் கலவை நேர்கோட்டில் நடப்பதில்லை. டிபிசிஎம்முக்கு 0 முதல் 127 வரை போகும் ஒரு கவுண்டர் உண்டு. சாம்பிள் முடியும்போது அது எந்த எண்ணில் நிற்கிறதோ அங்கேயே தங்கிவிடும். உயரத்தில் தங்கினால் மற்ற இரண்டும் அமுங்கும். கவுண்டர் 127-இல் நிற்கும்போது ட்ரையாங்கிளின் அலை, 0-இல் நிற்கும்போது இருப்பதில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும்.

தீர்வு எளிது. சாம்பிள் முடிந்த வரியில் டிபிசிஎம் சேனலில் --- போடுங்கள். ஃபேமிடிராக்கர் அப்போது கவுண்டரை 0-க்குக் கொண்டுவரும். === போட்டால் சாம்பிள் நிற்கும், கவுண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். --- போட்டும் மாறவில்லையா? கவுண்டரை அமைக்கும் இசட் எஃபெக்டால் நேரடியாக இசட்00 எழுதியும் இறக்கலாம். ஆனால் கவுண்டர் சட்டென்று தாவினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், அதனால் நாய்ஸில் ஏதாவது அடி விழும் வரியிலேயே அதை ஒளித்து வையுங்கள்.

மேலே சொன்ன திருட்டு வழி இப்போது புரிந்திருக்கும். சாம்பிளே இல்லாத பாட்டில்கூட இசட்7எஃப், அதாவது 127, எழுதினால் ட்ரையாங்கிள் அமுங்கும். மெல்லிய பகுதி ஒன்றுக்கு பேஸை ஒரு படி இறக்க இந்தச் சிப்பில் இருக்கும் ஒரே குமிழ் இதுதான். நாய்ஸும் கூட இறங்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: கிக் வரும் இடத்தில் எல்லாம் பேஸ் ஓட்டையாகிறது

கிக்கையும், அதாவது பெரிய டிரம்மின் அடியையும், ட்ரையாங்கிளிலேயே எழுதியிருப்பீர்கள். நல்ல முடிவுதான். ஒலி வேகமாகக் கீழே விழும் அந்த ‘தும்’ இந்தச் சேனலில் வருவதுபோல் வேறு எங்கும் வராது. ஆனால் ஒரு சேனல் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும்.

முதலில் கிக்கின் நீளத்தைப் பாருங்கள். ஆறு ஃபிரேம் வரியில் கிக்குக்கு ஆறு ஃபிரேமும் கொடுத்திருந்தால் அது கிக் இல்லை, டாம். நான்கு ஃபிரேம் போதும். கிக்கின் முனையை நாய்ஸில் ஒரு குட்டை அடியால் கொடுத்தால் மூன்றுகூடப் போதும்.

அடுத்து, கிக்கையும் பேஸையும் ஒரே இன்ஸ்ட்ருமென்ட்டாக்கலாம். சுருதியை ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்த்தும் ஆர்பெஜியோ வரிசையை, எழுதிய நோட்டிலிருந்து எண்ணும் அப்சல்யூட் வகையில் வைத்து ‘24 14 6 0’ என்று எழுதுங்கள். எண்கள் அரைச்சுருதிக் கணக்கு. நோட் இரண்டு ஆக்டேவ் மேலே தொடங்கி, மூன்று ஃபிரேமில் விழுந்து, நான்காவது ஃபிரேமில் பேஸின் சொந்த சுருதியில் வந்து நிற்கும். கேட்பவருக்குக் கிக்கும் கேட்கும், அதன் வாலில் பேஸும் கேட்கும். வரிசையின் கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும். அங்கே -12 என்று விட்டால் பேஸ் வரி முழுக்க ஓர் ஆக்டேவ் கீழே போய் உட்கார்ந்துவிடும்.

இதில் ஒரு குறை: பேஸ் நோட் மாற மாறக் கிக்கின் தொடக்கமும் மாறும். சி-யில் ஒரு கிக், ஜி-யில் வேறொரு கிக். சில பாட்டுக்கு அது அழகு. பிடிக்கவில்லை என்றால் கிக்கைத் தனி இன்ஸ்ட்ருமென்ட்டாக்கி, ஆர்பெஜியோவை, நோட் எதுவானாலும் சுருதி மாறாத ஃபிக்ஸ்ட் வகையில் வைத்து, வால்யூமை 0-இல் முடியுங்கள். பேஸ் அடுத்த வரியில் தொடங்கட்டும். அப்போது கிக் அடியிலும் பேஸ் அடிக்கு வெளியிலும் விழும். உண்மையைச் சொன்னால் துள்ளலான பேஸ் பலவற்றின் ரகசியமே இந்தக் கட்டாயம்தான். இடம் இல்லாததால் ஒதுங்கிய நோட்டுதான் தாளத்தைத் தள்ளுகிறது.

அறிகுறி: பல்ஸ் பேஸில் வைப்ரேட்டோ போட்டால் ‘டிக் டிக்’

எல்லா நோட்டிலும் வராது, சிலவற்றில் மட்டும் வரும். அதுவே துப்பு.

பல்ஸ் சேனலின் சுருதி 11 பிட் எண்ணாகச் சிப்புக்குப் போகிறது, இரண்டு துண்டாக: கீழ் 8 பிட் ஒரு ரெஜிஸ்டரில், மேல் 3 பிட் இன்னொன்றில். மேல் துண்டை எழுதினாலே பல்ஸ் அலை முதலிலிருந்து தொடங்கும். அதுதான் அந்த ‘டிக்’. ஆக, சுருதி எண் 256-இன் மடங்கு எதையாவது தாண்டும்போதெல்லாம் சத்தம் வரும்.

110 ஹெர்ட்ஸ் ஏ நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்டிஎஸ்சி (நொடிக்கு 60 ஃபிரேம் முறை) சிப்பில் அதன் எண் 1016. எல்லை 1024. நடுவே எட்டே படி. வைப்ரேட்டோ கொஞ்சம் அகலமாக ஆடினாலும் எல்லையைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை தாண்டும். பக்கத்து நோட்டான ஜி ஷார்ப்பின் எண் 1076. அங்கே அதே வைப்ரேட்டோ சுத்தமாக இருக்கும்.

வைப்ரேட்டோவின் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது அந்த நோட்டில் மட்டும் வேண்டாம் என்று விடுங்கள். பாட்டையே ஓர் அரைச்சுருதி ஏற்றுவதும் கௌரவமான தீர்வுதான். இல்லாவிட்டால் பேஸை ட்ரையாங்கிளுக்கு மாற்றுங்கள். அங்கே அலை மறுபடி தொடங்குவதில்லை என்று மேலே பார்த்தோமே, அந்தக் குணம் இங்கே கைகொடுக்கும்.

கூடவே ஒன்று. சுருதியை நகர்த்தும் 1, 2, 3, 4 எஃபெக்டுகள் எழுதிய வரியோடு முடிவதில்லை. 400, 300 என்று பூஜ்ஜியம் எழுதி நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ எழுதிய ஸ்லைடு இங்கே பேஸைச் சுருதி தப்ப வைப்பது தினம் நடக்கும் கதை.

அறிகுறி: தாளம் நொண்டுகிறது

டெம்போவைப் பாருங்கள். 150-ஐ விட்டு வேறு எண் இருக்கிறதா? ஸ்பீடு 6, டெம்போ 140 என்றால் ஒரு வரிக்கு 6.43 ஃபிரேம் வேண்டும். அரை ஃபிரேம் என்று ஒன்று இல்லாததால் டிராக்கர் சில வரிகளை 6 ஃபிரேமிலும் சிலவற்றை 7 ஃபிரேமிலும் முடிக்கும். மெலடியில் இது தெரியாது. மௌனத்தால் அளக்கப்படும் பேஸில் பச்சையாகத் தெரியும்: நோட் அதே மூன்று ஃபிரேம், அதன் பின்னால் வரும் இடைவெளி மட்டும் ஒரு முறை மூன்று, ஒரு முறை நான்கு.

டெம்போவை 150-இலேயே வைத்து ஸ்பீடால் மட்டும் வேகத்தை மாற்றுங்கள். ஸ்பீடு 7 ஏறக்குறைய 129 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி), 6 என்றால் 150, 5 என்றால் 180. இடையில் வேண்டுமென்றால் அடுத்தடுத்த வரிகளில், ஸ்பீடை மாற்றும் எஃப் எஃபெக்டால், எஃப்07, எஃப்06 என்று மாற்றி மாற்றிப் போடலாம். ஏற்ற இறக்கம் அப்போதும் இருக்கும். ஆனால் எங்கே என்பது உங்கள் கையில்.

வேண்டுமென்றே ஸ்விங் (ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை) கொடுக்க எஃப்07, எஃப்05. கூட்டினால் 12, மொத்த வேகம் மாறாது. இங்கே ஒரு பொறி உண்டு. ஆறு ஃபிரேமுக்கு அளந்து செய்த நீள இன்ஸ்ட்ருமென்ட், ஐந்து ஃபிரேம் வரியில் மௌனத்துக்கு வருவதற்குள் அடுத்த நோட் ஏறிவிடும். இடைவெளி காணாமல் போகும், மறுபடி ஊளை. குட்டை வரியில் எஸ்04-ஐத் தாண்டாதீர்கள்.

ஐரோப்பிய பால் (PAL) டிவி முறைக்கு நொடிக்கு 50 ஃபிரேம். அங்கே சமமான டெம்போ 125. என்வலப், அதாவது இன்ஸ்ட்ருமென்ட்டின் வரிசைகள், எல்லாம் ஃபிரேமில் அளந்தவை என்பதால் ஒவ்வொரு நோட்டும் இழுபடும். கிக்கையும் மறுபடி சீவ வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஹெட்ஃபோனில் பேஸ் இருக்கிறது, ஃபோனில் காணோம்

ட்ரையாங்கிள் அலையில் அடிப்படை ஒலிதான் பெரும்பங்கு. 55 ஹெர்ட்ஸ் நோட் என்றால் அடுத்த பகுதி 165 ஹெர்ட்ஸில் வரும், அதுவும் அடிப்படையின் ஒன்பதில் ஒரு பங்கு உயரத்தில். ஃபோன் ஸ்பீக்கர் 55-ஐ எழுப்பாது. 165-இல் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஓர் ஆக்டேவ் ஏற்றுங்கள். கீழ் நோட்டை விட மனமில்லையா, கீழும் மேலுமாகத் தாவும் பேஸ் எழுதுங்கள். மேல் நோட் ஃபோனில் தாளத்தைக் காப்பாற்றும். 25 சதவீத பல்ஸை மெலிதாகச் சேர்ப்பதும் உதவும்.

மறுபக்கமாக, பல்ஸில் பேஸ் எழுதி, ஓர் எல்லைக்குக் கீழே நோட் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால் அது சிப்பின் தரை. பல்ஸ் 55 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். ட்ரையாங்கிள் அதில் பாதி, 27 ஹெர்ட்ஸ் வரை போகும்.

அறிகுறி: சாம்பிள் பேஸ் சில நோட்டில் மட்டும் சுருதி சேரவில்லை

1990 வாக்கில் சன்சாஃப்ட் தன் ஃபேமிகாம் விளையாட்டுகளில் பேஸ் கிட்டாரின் சாம்பிளையே டிபிசிஎம்மில் வாசித்தது. அந்த ஒலிக்கு ‘சன்சாஃப்ட் பேஸ்’ என்றே பெயர் நின்றுவிட்டது. ட்ரையாங்கிள் அப்போது டிரம் வேலைக்குப் போய்விடும். அதைப் பார்த்து ஒரே ஒரு சாம்பிளை எடுத்துக்கொண்டு எல்லா நோட்டும் வாசிக்க முயன்றால் இந்தச் சிக்கல் வரும்.

டிபிசிஎம்முக்கு 16 வேகங்கள்தான். மிகக் குறைந்த வேகத்தில் சாம்பிள் சி ஒலித்தால், அங்கிருந்து எட்டு படிகள் சி முதல் மேல் சி வரை வெள்ளைக் கட்டைகள். அதற்கு மேலே டி, எஃப், ஜி, ஏ, சி, ஈ, ஜி, சி என்று ஓட்டை ஓட்டையாகப் போகும். கறுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லை. மேல் வேகங்களில் சில கொஞ்சம் தப்பியும் ஒலிக்கும்.

எனவே பாட்டுக்கு எந்த நோட்டுகள் வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாத நோட்டுக்கு அரைச்சுருதி நகர்த்திய இரண்டாவது சாம்பிள் வேண்டும். எடுத்தவுடன் பன்னிரண்டு சாம்பிள் செய்துவிடாதீர்கள், இடம் போய்விடும். ஒரு சாம்பிள் அதிகபட்சம் 4081 பைட். உச்ச வேகமான 33.1 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு. சிப் நேரடியாகப் பார்க்கும் சாம்பிள் இடம் மொத்தமே 16 கேபி. பேஸ் சாம்பிளைக் கால் நொடியில் வெட்டுங்கள். துள்ளும் பேஸுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. சாம்பிள் நின்ற பிறகு கவுண்டர் எங்கே தங்குகிறது என்ற பழைய பிரச்சினை இங்கே ஒவ்வொரு நோட்டுக்கும் வரும் என்பதால், டிரம்மாக மாறிய ட்ரையாங்கிள் ஒரு அடி பலமாகவும் ஒரு அடி சோனியாகவும் கேட்டால் அங்கே போய்ப் பாருங்கள்.

கேம்பாயில் எழுதுபவர்களுக்கு

கேம்பாய்க்கான டிராக்கரான எல்எஸ்டிஜேயில் பேஸ் வழக்கமாக வேவ் சேனலில் போகும். பல்ஸ் 64 ஹெர்ட்ஸோடு நிற்க, வேவ் 32 வரை இறங்கும். அலையை நீங்களே வரையலாம்: 32 புள்ளி, ஒவ்வொன்றும் 4 பிட். வால்யூமுக்கு நான்கே நிலை: மௌனம், கால், அரை, முழுசு. ட்ரையாங்கிளைவிடக் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். ஆகவே நீளத்தை வைத்துத் தாளம் கட்டும் வேலை இங்கேயும் அதேதான். எஸ்ஸுக்குப் பதில் கே கமாண்ட்.

டிரம் கிட் சாம்பிள்களும் இதே வேவ் சேனலில்தான் ஓடும். கிட் அடித்த இடத்தில் பேஸ் அறுந்தால் மேலே கிக் பகுதியில் சொன்னதுதான் மருந்து. அல்லது டிரம்மைப் பல்ஸுக்கும் நாய்ஸுக்கும் அனுப்பிவிட்டு வேவைப் பேஸுக்கே விட்டுவிடுங்கள். நான் என்றால் அதைத்தான் செய்வேன். கேம்பாயின் சொந்த ஸ்பீக்கரில் பேஸைச் சோதிக்காதீர்கள், ஹெட்ஃபோனை மாட்டுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் நல்ல பேஸும் கெட்ட பேஸும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.